தனியே ஒரு வண்டிப் பயணம்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, கண்மாய்கள் நிறைந்து, தை பிறக்கும் காலத்தில் புதுக்கோட்டைச் சீமையின் கிராமச் சாலைகளைக் கண்டவர்கள் அவற்றை எளிதில் மறக்கமாட்டார்கள். சித்திரை வெயிலில் பேருந்துச் சன்னல் வழியே இந்நிலத்தைப் பார்த்துவிட்டு, ‘வறண்ட பூமி’ என்று ஒரே சொல்லில் முடித்துச் செல்வோர் பலர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களையும் கண்மாய்களையும் முன்னோர் வெட்டி வைத்த மாவட்டம் இது என்பதை அவர்கள் அறியார். கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு சாலை. ஒருபுறம் நீர்ப்பரப்பு, மறுபுறம் கதிர் முற்றிய வயல். சற்றுத் தொலைவில் புல்லும் முளைக்காத மொட்டைப் பாறைக் குன்று. அதன்மேல் ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு கற்றளி. இத்தகைய சாலைகள் பலவற்றில் பேருந்து நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையே வரும். ஏனைய நேரமெல்லாம் அவை ஆட்டு மந்தைகளுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் உரியவை.

அண்மைக் காலமாக நம் குடும்பங்களில் ஒரு புதுவகை வேண்டுகோள் எழுந்து வருகிறது. மோட்டார் சைக்கிளில் நான்கு நாள் போய் வருகிறேன், விடுதியில் தங்கமாட்டேன், கூடாரம் அடித்துக்கொள்வேன் என்கிறான் மகன். பெற்றோர் திகைக்கின்றனர். திருத்தலத்துக்கா என்று கேட்டால் இல்லை என்கிறான். யார் வீட்டிலாவது திருமணமா என்றால் அதுவும் இல்லை. யார் யார் சேர்ந்து போகிறீர்கள் என்ற கேள்விக்கு, ‘நான் மட்டும்தான்’ என்று விடை வருகிறது. இந்த மூன்றாவது விடையில்தான் வீட்டில் புயல் தொடங்குகிறது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தாய் தம் மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்தார். “சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா இவன் கேப்பான்” என்றார். அவருடைய உடன்பிறந்த தம்பி பல ஆண்டுகளுக்கு முன், விளக்கின்றிச் சாலையோரம் நின்ற டிராக்டர் டிப்பரின் பின்புறத்தில் இரவில் மோதி இறந்தவர். தலைக்கவசம் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். அன்று முதல் அவ்வீட்டில் யார் வண்டியை எடுத்தாலும் அவர் வாசலிலேயே நிற்பார். மகனோ திருச்சிராப்பள்ளியில் ஒரு பட்டறையில் மூன்று வேளை முறைப்பணி செய்பவன். “வீட்டுலயும் வேலையிலயும் யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, சாமி. நாலு நாள் யாரும் கூப்பிடாம இருந்து பார்க்கணும்” என்றான். தாயின் அச்சமும் நியாயம். மகனின் களைப்பும் உண்மை. தடை சொல்லுவோம் என்று அந்த அம்மா எதிர்பார்த்திருந்தார். நாம் ஒரு வெள்ளைத் தாளையும் மாவட்டப் படத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தோம். “தம்பி, எங்கே போகிறாய், எங்கே படுக்கிறாய், இடையில் கெட்டுப்போனால் என்ன செய்வாய் என்று அம்மா முன்னிலையில் இதில் எழுது. எழுத முடியாததைச் செய்யவேண்டாம்” என்றோம். அந்தத் தாளை நிரப்ப மூன்று மாலைப்பொழுதுகள் பிடித்தன. அவற்றில் பேசியவையும், பின்னர் நாம் விசாரித்து அறிந்தவையுமே இக்கட்டுரை.

தனிப் பயணம் இன்றைய இளைஞரின் கண்டுபிடிப்பன்று. டெட் சைமன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1973இல் இலண்டனிலிருந்து டிரையம்ப் மோட்டார் சைக்கிளில் தனியே புறப்பட்டு, 45 நாடுகளைக் கடந்து, நான்கு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பினார். அவர் கடந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. கட்டடக்கலை மாணவியாயிருந்த எல்ஸ்பெத் பியர்டு என்ற பெண்மணி 1982 முதல் 1984 வரை பழைய பி.எம்.டபிள்யூ வண்டியொன்றில் உலகைச் சுற்றினார். நம் நாட்டில், சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் 1950களில் என்ஃபீல்டு தொழிற்சாலை தொடங்கிப் புல்லட் வண்டிகள் வெளிவந்தபின், அவற்றின் ஓசையைக் கேட்டே ‘சாமியார் வருகிறார்’ என்று கிளைப்பங்கு மக்கள் ஆலய மணியடித்த காலம் ஒன்று இருந்தது. அதற்கு முந்திய தலைமுறைக் குருக்களுக்கு மிதிவண்டியும் மாட்டுவண்டியும் கால்நடையுமே துணை. ஆப்பிரிக்காவில் நோயுற்ற தம் தோழரான குரு, ஊர்தி வசதியின்மையால் உரிய சிகிச்சையை அடையாமல் இறந்ததைக் கண்டு, செருமானியரான பவுல் சூல்ட்டே அடிகளார் 1927இல் மீவா என்னும் அமைப்பைத் தொடங்கி, மறைபரப்பு நாடுகளுக்கு வண்டிகளும் வானூர்திகளும் கிடைக்கச் செய்தார் என்பதை நம்மில் மூத்தோர் அறிவர். ஆகவே வண்டியை ஊதாரித்தனத்தின் அடையாளமாக மட்டும் காண்பது முறையன்று.

ஆயினும் தனியே போவது வேறு. யாருக்கும் சொல்லாமல் போவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்தான் இளைஞரும் இடறுகின்றனர், பெற்றோரும் இடறுகின்றனர். சித்தன்னவாசல் குன்றின்மேல் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகை ஒன்று உண்டு. அங்கே சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகள் தலையணை வடிவோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழ் எழுத்துகள் உள்ளன. உலகைத் துறந்து தனித்திருந்தோர் என்று அவர்களைச் சொல்கிறோம். ஆனால் படுக்கையை வெட்டிக் கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கும் அளவுக்கு ஊரோடு அவர்களுக்கு உறவிருந்தது. அன்றாட உணவுக்கும் அவர்கள் ஊருக்குள் இறங்கித்தான் வரவேண்டும். துறவியின் தனிமைக்கே ஓர் ஊர் தேவைப்பட்டதென்றால், நான்கு நாள் விடுப்பெடுத்த பட்டறைத் தொழிலாளிக்கு எத்தனை ஊர்கள் தேவைப்படும்!

எப்போது புறப்படுவது?

தை, மாசி மாதங்களே உகந்தவை. இம்மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அம்மாதங்களில் தரைப்பாலங்களின்மேல் நீர் ஓடும். ஆழம் அறியாமல் வண்டியை இறக்குவது மடமை. பங்குனிக்குப் பின் வெயில் பாறையைச் சுட்டெரிக்கும். பகலில் ஓட்டவும் இயலாது, இரவில் கூடாரத்துக்குள் உறங்கவும் இயலாது.

தை மாதத்துக்கே உரிய இடையூறு ஒன்றுண்டு. சல்லிக்கட்டு மிகுதியாக நடைபெறும் மாவட்டம் புதுக்கோட்டை. கந்தர்வகோட்டைப் பகுதியிலுள்ள தச்சன்குறிச்சியில் ஆலயத் திருவிழாவோடும் புத்தாண்டோடும் இணைந்து நடைபெறும் சல்லிக்கட்டு, ஆண்டின் முதற் சல்லிக்கட்டு என்று பெயர் பெற்றது. அங்கே தொடங்கும் ஆரவாரம் பல வாரங்கள் ஊர் ஊராய்ச் செல்லும். வாடிவாசலை விட்டு ஓடிய காளை, உரிமையாளர் கைக்குச் சிக்காமல் தார்ச்சாலைக்கு வந்துவிடுவதும் உண்டு. எந்த ஊரில் என்று சல்லிக்கட்டு என்பதைத் தேநீர்க் கடையில் கேட்டால் போதும். அந்நாளில் அவ்வூர் வழியே செல்லாதிருக்கலாம்.

வண்டியும் சுமையும்

பெரிய வண்டிதான் வேண்டும் என்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். நாம் இதனை ஒப்பவில்லை. முந்நூற்றைம்பது, நானூறு கிலோமீட்டர் அளவே உள்ள பயணத்துக்கு, அன்றாடம் வேலைக்கு ஓட்டும் நூறு சி.சி. வண்டியே சாலப் பொருந்தும். அதன் குணம் ஓட்டுபவனுக்குத் தெரியும். அதன் உதிரிப் பாகம் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். மணலில் சாய்ந்தால் ஒருவனே தூக்கி நிறுத்தலாம். தனியே செல்பவனுக்கு இந்த மூன்றாவது நன்மை மற்ற இரண்டையும்விடப் பெரிது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே பழக்கமான மெக்கானிக்கிடம் விட்டு, எண்ணெய் மாற்றி, பிரேக், சங்கிலி, சக்கரங்கள், முன் பின் விளக்குகள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லவேண்டும். முதல் நாள் மாலையில் விடக்கூடாது. மெக்கானிக் எதையேனும் மாற்றினால் அது ஒழுங்காக இயங்குகிறதா என்று ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க அவகாசம் வேண்டுமன்றோ? உடன் கொண்டுசெல்ல வேண்டியவை சிலவே: ஒரு ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், டியூப், காற்றடிக்கும் சிறு பம்பு, ஸ்பேனர்கள், டார்ச் விளக்கு. பஞ்சர் ஒட்டத் தெரியாதவன் தன் வீட்டு வாசலில் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படட்டும். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றைக் கைப்பேசியில் வைத்திருந்தாலும், மின்னூட்டம் தீர்ந்துபோகும் நாளை எண்ணித் தாளிலும் ஒரு படி வைத்திருப்பது நன்று.

சுமையைக் கட்டுவதில் ஒரு கலை இருக்கிறது. பின்னிருக்கையின்மேல் கோபுரம்போல் அடுக்குவதே பலரின் வழக்கம். அவ்வாறு அடுக்கினால் வளைவில் வண்டி தானே சாயத் தொடங்கும். கனமான பொருள்கள் கீழே, இருபுறப் பைகளிலும் சம எடையாக, இருக்கையை ஒட்டி அமையவேண்டும். இலேசான பாயும் கூடாரமும் மேலே வரலாம். ஹேண்டில்பாரில் எதையும் தொங்கவிடலாகாது. கயிற்றின் நுனி சக்கரத்தருகே ஆடாதபடி முடிய வேண்டும். துப்பட்டாவும் சேலை முந்தானையும் சக்கரத்தில் சிக்கி நேர்ந்த சாவுகளை நம் கல்லறைத் தோட்டங்கள் அறியும்.

எல்லாவற்றையும் கட்டியபின் ஓர் ஒத்திகை அவசியம். அந்த இளைஞன் நம் ஆலய வளாகத்தில், வேப்பமரத்தடியில் ஓர் இரவு கூடாரம் அடித்துப் படுத்தான். அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி கொண்டுவரவில்லை என்பதும், பாய் மிக மெலிது என்பதும், கூடாரக் கம்பி ஒன்று வளைந்திருந்தது என்பதும் அன்றிரவே தெரிந்துவிட்டன. மூன்றையும் வீட்டிலிருந்து நூறு அடி தூரத்தில் அறிந்துகொண்டது அவன் பேறு.

சாலையில் காத்திருப்பவை

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் தமிழ்நாடு. தலைக்கவசம் சாவின் வாய்ப்பை நூற்றுக்கு ஏறத்தாழ 42 பங்கு குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ அறிஞர்கள் 2008இல் கண்டனர். அதைத் தலையில் வைத்தால் மட்டும் போதாது. தாடைக்குக் கீழ் வாரை மாட்டவும் வேண்டும். வார் மாட்டாத கவசம் மோதலின் முதல் நொடியிலேயே தலையை விட்டுப் பறந்துவிடும்.

நம் கிராமச் சாலைகளின் ஆபத்துகள் நெடுஞ்சாலையின் ஆபத்துகள் அல்ல. அறுவடைக் காலத்தில் நெல்லையும் உளுந்தையும் எள்ளையும் தார்மேல் பரப்பிக் காயவைப்பர்; ஓரத்தில் கல்லை அடுக்கியிருப்பர். உளுந்தஞ் செடியின்மேல் பிரேக் பிடித்தால் எண்ணெயின்மேல் பிடித்தது போலாகும். குவாரிப் பகுதிகளில் லாரிகள் சிந்திய சல்லி வளைவுகளிலேயே குவிந்து கிடக்கும். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை, மந்தையில் கடைசியாக ஓடிவரும் ஆட்டுக்குட்டி, விராலிமலைப் பக்கத்தில் திடீரெனத் தாழப் பறந்து சாலையைக் கடக்கும் மயில் ஆகிய எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே: மணிக்கு நாற்பது கிலோமீட்டர். அதைவிட விரைந்து செல்ல விரும்புபவனுக்குக் கிராமச் சாலை எதற்கு?

இருட்டியபின் ஓட்டுவதில்லை என்பதை அந்தத் தாளில் முதல் வரியாக எழுதச் சொன்னோம். மாலை நான்கு மணிக்கு அன்றைய ஓட்டம் முடிந்துவிட வேண்டும். இதைக் கேட்டபோதுதான் அந்தத் தாயின் முகம் சற்றே தெளிந்தது.

விபத்து நேர்ந்தால் 108 என்ற எண்ணை அழைக்கவேண்டும் என்பது அனைவரும் அறிந்ததே. அறியாதது ஒன்றுண்டு. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. காயமுற்றவரைக் கொண்டுசேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டியிருக்கும் என்றஞ்சி விலகிச் செல்வோர் இன்னும் இருக்கின்றனர். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நல்ல சமாரியர் என்ற நற்செய்திப் பெயரையே நம் நாட்டுச் சட்டமும் அவருக்குச் சூட்டியிருக்கிறது என்பதை இங்கே மகிழ்வோடு குறிப்பிடுகிறோம்.

இரவில் எங்கே?

இதுவே திட்டத்தின் உயிர்நாடி. அயல்நாட்டுப் படங்களைப் பார்த்து, ஆளற்ற ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டி, விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று இளைஞர் கனவு காண்கின்றனர். நம் நாட்டில் ஆளற்ற இடம் என்று ஒன்று இல்லை. உரியவர் நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி நுழைந்து தங்குதல் குற்றம். தைலமரத் தோப்புகள் வனத் தோட்டக் கழகத்துக்கு உரியவை. அவற்றின் உலர்ந்த சருகில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சிறு பொறியும் பெருந்தீயாகும். தொல்லியல் துறையின் காவலிலுள்ள குன்றுகளிலும் கோயில்களிலும் இரவுத் தங்கல் கூடாது. கண்மாயின் உட்புறம் இடையர்கள் கிடை போடும் இடம். பாம்புகளும் அங்கே மிகுதி.

சட்டத்தைவிட முக்கியமானது ஊராரின் அச்சம். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் திரிகின்றனர் என்ற வதந்தி கைப்பேசி வழியே பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற ஒரு மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றனர். வழி கேட்க நின்றதும் அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுமே அவர் செய்த பிழை! இருட்டில் தோப்புக்குள் விளக்கடித்துக் கூடாரம் கட்டும் முகமறியா இளைஞனை ஊர் எவ்வாறு காணும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பகல் வெளிச்சத்திலேயே ஊருக்குள் செல்லவேண்டும். தேநீர்க் கடையில் அமர்ந்து ஒரு தேநீர் அருந்தவேண்டும். பெயர், ஊர், தந்தை பெயர், செய்யும் தொழில் ஆகியவற்றைக் கேட்குமுன்னரே சொல்லவேண்டும். பெரியவர் ஒருவரிடம், “ஐயா, இன்றிரவு மட்டும் கூடாரம் போட்டுப் படுத்துக்கொள்ள இடம் காட்டுவீர்களா?” என்று கேட்டால், நம் நாட்டில் மறுப்பவர் அரிது. “கூடாரம் எதற்குத் தம்பி, திண்ணையில் படு” என்பதே பெரும்பாலும் வரும் விடை. தோப்பின் உரிமையாளர், பள்ளித் தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர், பங்குத்தந்தை என்று எவரேனும் ஒருவரின் சொல்லோடு போட்ட கூடாரத்துக்கு ஊரே காவல்.

வெறுந்தரையில் படுக்கலாகாது. கட்டுவிரியன் இரவில் உலாவுவது. தரையில் உறங்குபவனை அது கடித்தால் வலியே தெரியாமலும் போகலாம். அடிப்பக்கம் தைக்கப்பட்ட, முழுதும் மூடிக்கொள்ளும் கூடாரமே தக்கது. அதன் வாயிலை எப்போதும் அடைத்து வைக்கவேண்டும். காலையில் காலணியை உதறியபின்னரே அணியவேண்டும். இரவில் டார்ச் இன்றி இறங்கலாகாது. கடிபட்டால் கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், மந்திரித்தல் எதுவும் வேண்டாம். அசையாதபடி வைத்து நஞ்சு முறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு விரைந்து செல்லவேண்டும். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வோர் இரவுத் தங்கலுக்கும் எதிரே எழுதி வைக்கச் சொன்னோம்.

வீட்டுக்கு ஒரு செய்தி

பெற்றோர் மணிக்கொருமுறை அழைத்தால் அது பயணமாகாது. வண்டியை ஓட்டிக்கொண்டே மகன் கைப்பேசியை எடுக்க நேர்ந்தால் அதுவே விபத்துக்கு வழியாகும். நாளுக்கு இரண்டு செய்திகள் போதும் என்று அன்று உடன்பாடு ஆயிற்று: காலையில் புறப்படும்போது ஒன்று, மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும், அவ்விடத்தார் ஒருவரின் தொலைபேசி எண்ணோடு மற்றொன்று. மாலை ஆறு மணிக்குள் இரண்டாவது செய்தி வராவிட்டால் தாய் அழைக்கலாம். எட்டு மணிவரை விடையில்லையேல், தாளில் எழுதியுள்ள அடுத்த ஊரின் எண்ணுக்குப் பேசவேண்டும். வழியை மாற்றினால் மாற்றுமுன் சொல்லவேண்டும், மாற்றியபின் அன்று. இந்தக் கடைசி நிபந்தனையை ஏற்க அவன் சற்றே தயங்கினான் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ‘யாரும் கூப்பிடாமல்’ என்ற அவன் ஆசைக்கு நாம் விட்டுவைத்தது காலை ஏழு முதல் மாலை நான்கு வரையுள்ள பொழுது. அது சிறிதன்று.

மகள் கேட்டால் என்ன சொல்வது என்று சில தாய்மார் வினவுகின்றனர். இம்மாவட்டத்திலேயே 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, அந்நாளைய ஆட்சித்தலைவர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியுள்ளார். அக்காலத்தில் அப்பெண்கள் கேட்ட ஏச்சுகள் பல. இன்று அவர்களின் பேத்திகள் கல்லூரிக்கு ஸ்கூட்டரில் செல்கையில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன தாள் மகளுக்கும் பொருந்தும். தங்குமிடம் மட்டும் கன்னியர் இல்லமாகவோ உறவினர் வீடாகவோ அமைவது இன்றைய நிலையில் விவேகம். அந்த நிலை மாறவேண்டியது பெண்களால் அன்று.

அந்த நான்கு நாள்கள்

தாளில் முடிவாக எழுதிய வழி இது. முதல் நாள் புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டரிலுள்ள சித்தன்னவாசல். வெயில் ஏறுமுன் பாறையில் ஏறி ஏழடிப்பட்டத்தைக் கண்டு, கீழே அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியத்தையும் பார்க்கவேண்டும். அடுத்து, இசைக் குறிப்புகளைக் கல்லில் பொறித்துவைத்த குடுமியான்மலை. அதன்பின் கொடும்பாளூர் மூவர் கோயில். பெயர் மூவர் எனினும் இன்று நிற்பவை இரண்டே. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியது. கொடும்பாளூர் திருச்சி – மதுரை நெடுஞ்சாலையில் உள்ளது. விராலிமலை வரையுள்ள அந்தச் சில கிலோமீட்டர்களே முழுப் பயணத்திலும் ஆபத்து மிகுந்த பகுதி என்பது நம் கருத்து. விராலிமலையிலிருந்து கிழக்கே திரும்பினால் ஆவூர். முதல் இரவு தெரிந்த மனிதரிடையே இருக்கட்டும் என்று ஆவூரைத் தேர்ந்தோம்.

ஆவூரைப் பற்றி ஒரு சொல். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை மறைத்தளத்து இயேசு சபைக் குருவான பூஷே அடிகளார் இங்கே ஆலயம் எழுப்பினார். இன்றுள்ள பெரிய ஆலயம் 1747ஆம் ஆண்டினது. வீரமாமுனிவரும் இங்குப் பணியாற்றியவர். சில சுற்றுலாக் குறிப்புகளில் பூஷே அடிகளார் 1547இல் கட்டியதாக அச்சாகியிருக்கிறது; அவர் பிறந்ததே 1655இல்தான்!

இரண்டாம் நாள் கீரனூர் வழியே குன்னாண்டார்கோயில் குடைவரை, பிறகு நார்த்தாமலை. ஓட்டம் குறைவு, நடை மிகுதி. மேலமலையில் வெறும் பாறையின்மீது, வட்டமான கருவறையோடு மேற்கு நோக்கி நிற்கும் விசயாலய சோழீச்சுரத்தைப் பிற்பகல் ஒளியில் பார்த்துவிட்டு, இறங்கி ஊருக்குள் தங்க இடம் கேட்கவேண்டும்.

மூன்றாம் நாள்தான் நெடிது, விடியலிலேயே புறப்படவேண்டும். புதுக்கோட்டையைக் கடந்து 20 கிலோமீட்டர் தெற்கே திருமயம் கோட்டை. அறந்தாங்கியும், அங்கிருந்து 14 கிலோமீட்டரில் ஆவுடையார்கோயிலும் கடந்தால் மீமிசல் கடற்கரை. மாவட்ட எல்லையைத் தாண்டி, சுந்தரபாண்டியன்பட்டினத்தருகே உள்நோக்கித் திரும்பினால் ஓரியூர். திருமயம் கோட்டையை 1687இல் எழுப்பியவர் இராமநாதபுரம் கிழவன் சேதுபதி; அவருடைய ஆட்சியில்தான் புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டார். காலையில் கண்ட கோட்டையும் மாலையில் காணும் செம்மண்ணும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பதை இவ்வழியே செல்பவன் தன் கண்களாலேயே காண்பான். பிப்ரவரி முதல் வாரத்தில் அங்கே திருவிழாக் கூட்டம் மிகுந்திருக்குமாதலால், அமைதியை நாடுபவன் அதற்குப் பிந்திய நாளைக் கொள்வது நலம். கடலோரத்திலேயே படுக்கவேண்டும் என்று அவன் கேட்டான். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தார் இரவில் ரோந்து வருவர். மீனவர் குப்பத்தாருக்கும் வலைகளுக்குக் காவல் உண்டு. திருத்தல வளாகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்பதே மேல் என்று எழுதினோம்.

நான்காம் நாள் திரும்பல். கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் கடந்து மணமேல்குடியில் கடலுக்கு விடைகூறி, மீண்டும் அறந்தாங்கி, பின்னர் கீரமங்கலம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் ஒரே இரவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பகுதி இது. புயலுக்குப்பின் நட்ட கன்றுகள் பல இப்போது ஆளுயரத்தைக் கடந்துவிட்டன. விழாது தப்பிய பழைய மரங்கள் அவற்றின் நடுவே ஒன்றிரண்டாய் நெடிது நிற்கும். கீரமங்கலத்தில் பூ வணிகம் காலையிலேயே முடிந்துவிடும். நண்பகலில் அங்கே சோறு கிடைக்கும். ஆலங்குடி வழியாகப் பொழுது சாயுமுன் புதுக்கோட்டைக்கு வந்துவிடலாம்.